மதுரைக்காஞ்சியும் ஆறு அங்குலத் திரையும்

மின்னூல்கள் இன்று மூன்று வகைக் கோப்புகளாகப் புழங்குகின்றன. அச்சுப் பக்கம் போலவே அசையாமல் நிற்கும் பிடிஎஃப் ஒரு வகை. திரையின் அகலத்துக்கும் வாசகர் வைத்துக்கொள்ளும் எழுத்தளவுக்கும் ஏற்ப வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும் இபப், கிண்டில் கோப்புகள் இன்னொரு வகை. உலாவியில் திறக்கும் வலைப்பக்கமும் வெற்று உரைக்கோப்பும் மூன்றாவது. ஆங்கில நூலுக்கு இவற்றுள் ஒன்றைத் தேர்வது பெரும்பாலும் வசதியைப் பொறுத்தது. தமிழ் நூலுக்கோ அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அந்தக் கருவியில் எழுத்து உடையாமல் தெரியுமா? தமிழ் மின்னூலாக்கத்தில் இதுவரை எடுக்கப்பட்ட முடிவுகள் பலவற்றுக்கும் இந்தக் கேள்விதான் காரணம்.

மதுரைத் திட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால் இது விளங்கும். சங்கம் இருந்த ஊரின் பெயரைச் சூட்டிக்கொண்ட இந்தத் தன்னார்வத் தமிழ் மின்னூலாக்க முயற்சி 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. தலைவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த கு. கல்யாணசுந்தரம்; துணைத் தலைவர் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனன். முதல் வெளியீடு திருக்குறள். அந்த நாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. மயிலை, இணைமதி ஆகிய எழுத்துருக்களில் வந்த நூலைப் படிக்க, அதே எழுத்துருவைக் கணினியில் நிறுவியாக வேண்டும். நிறுவாவிட்டால் திரை முழுக்கப் பொருளற்ற ரோமன் குறிகள். 1999இல் திஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்துக்கும், 2004ஐ ஒட்டி யூனிகோடுக்கும் திட்டம் மாறியது. எழுத்துருவை நிறுவத் தெரியாத வாசகருக்காக, எழுத்துருவை உள்ளேயே பொதிந்த பிடிஎஃப் படிகளும் கூடவே வந்தன.

மதுரை என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த மாற்றங்களின் பொருள் புரியும். திஸ்கியில் அது நான்கு பைட்: ம, து, பிறகு ஐகாரக் கொம்பு, கடைசியில் ர. கண்ணுக்குத் தெரியும் வரிசையே கோப்பிலும் இருக்கும். து ஒரே வடிவம். யூனிகோடில் அதே சொல் ஐந்து குறிகள்: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. கொம்பு ர-வுக்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவதும், த-வையும் உகரக் குறியையும் இணைத்து ஒரே எழுத்தாக வரைவதும் கருவியின் வேலை. அந்த வேலை தெரியாத கருவியில் ஐகாரக் கொம்பு ர-வுக்கு வலப்புறம் தனியே தொங்கும். து இரண்டாகப் பிளந்து கிடக்கும். பழைய மின்வாசிப்பான்களிலும் தொடக்ககால ஆண்ட்ராய்டு போன்களிலும் தமிழ் இப்படித்தான் தெரிந்தது. கோப்பில் எந்தப் பிழையும் இருக்காது, ஆனால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது.

பிடிஎஃப் இந்தச் சிக்கலில் சிக்குவதில்லை. எழுத்துகளைச் சேர்க்கும் வேலை கோப்பு உருவாகும்போதே முடிந்துவிடுகிறது. படிக்கும் கருவி வடிவங்களை அவற்றின் இடத்தில் வரைந்தால் போதும். 1993இல் அடோபி வெளியிட்டு 2008இல் ஐஎஸ்ஓ தரமாகிய இந்த வடிவம் தமிழ்நாட்டில் இவ்வளவு வேரூன்றியதற்கு இதுவே முதற்காரணம். இன்னொரு காரணம் ஜெராக்ஸ் கடை. மதுரையில் கல்லூரிகளைச் சுற்றியுள்ள கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினால், இருபுறமும் அச்சிட்டு ஸ்பைரல் போட்டுக் கையில் தந்துவிடுவார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் ஏ4 அளவு பிடிஎஃப்தான் இன்றும் கைகொடுக்கிறது. கணக்குப் புத்தகம், அட்டவணைகள் நிறைந்த நூல், வண்ணப் படங்களோடு கூடிய குழந்தை நூல் ஆகியவற்றுக்கும் அதைவிடப் பொருத்தமானது கிடையாது.

அதே ஏ4 கோப்பு செல்போனில் படும் பாடு பெரிது. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். கைபேசித் திரையின் அகலம் ஏறக்குறைய 70. முழுப் பக்கமும் தெரியும்படி திறந்தால், 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகச் சுருங்கிவிடும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் தள்ளவேண்டும். ஐம்பது பக்கம் இப்படிப் படித்தவர் ஐம்பத்தொன்றாம் பக்கத்துக்குப் போவதில்லை. ஆறு அங்குல மின்வாசிப்பான்களுக்காக 90க்கு 122 மில்லிமீட்டர் அளவில் பக்கம் அமைத்து, 'ஆறு அங்குலப் பிடிஎஃப்' என்று ஒரு தனிப் படியைத் தமிழ் மின்னூலாளர்கள் வெளியிடத் தொடங்கியது இதற்காகத்தான். எழுத்தளவை வாசகர் மாற்ற முடியாது என்ற குறை அதிலும் உண்டு. எழுத்து உடையாமல் தெரிந்ததே அன்று பெரிய நிம்மதி.

த. சீனிவாசனும் நண்பர்களும் 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் ஒவ்வொரு நூலையும் நான்கு படிகளாகத் தந்தது: இபப், கிண்டிலுக்கான மோபி, ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குலப் பிடிஎஃப். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எழுத்தாளர்கள் தந்த நூல்கள் அவை. யாரும் இறக்கிப் படிக்கலாம், பகிரலாம். ஒரே நூலுக்கு நான்கு கோப்பு என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீண்வேலையாகத் தோன்றும். வாசகர் கையில் எந்தக் கருவி இருக்கிறதென்று தெரியாத நிலையில், ஒருவரையும் திருப்பி அனுப்பாத ஏற்பாடு அது. தமிழ் மின்னூல் பரவியதில் அந்த நான்கு இணைப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இபப் என்பது உண்மையில் ஒரு பொதி. உள்ளே அத்தியாயத்துக்கு ஒன்றாக வலைப்பக்கக் கோப்புகள், தோற்றத்தைச் சொல்லும் நடைத்தாள், படங்கள், எழுத்துரு, பொருளடக்கம், நூலின் பெயர் விவரம் எல்லாம் இருக்கும். அனைத்தும் ஜிப் முறையில் சுருக்கப்பட்டிருக்கும். இரண்டாம் பதிப்பு 2007இலும் மூன்றாம் பதிப்பு 2011இலும் வந்தன. 2017 முதல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுத்துக்கொண்டாலும், சுருக்கப்படுவதால் படங்கள் இல்லாத முழு நாவல் சில நூறு கிலோபைட்டில் அடங்கிவிடும். அதே நாவல் ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் பல மெகாபைட். ஆனால் மூன்று பைட் என்பதை வேறோரிடத்தில் மறக்கக் கூடாது: பழைய வாசிப்பான்கள் சில, 300 கிலோபைட்டைத் தாண்டிய உள்கோப்பைத் திறக்கத் திணறும். ஆங்கிலத்தில் நீண்ட அத்தியாயத்துக்கும் தாராளமான அந்த அளவு, தமிழில் மூன்றில் ஒரு பங்கு உரைக்கே நிரம்பிவிடும். அதனால் தமிழ் நூலை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்தே வைக்கவேண்டும்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதற்கு நல்ல உதாரணம். மதுரைக் காண்டம், கூடற் காண்டம், திருவாலவாய்க் காண்டம் என மூன்று காண்டங்கள். அறுபத்துநான்கு திருவிளையாடல்களுக்கும் படலங்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள். இதை ஒரே நீளக் கோப்பாக இட்டால், பிட்டுக்கு மண் சுமந்த கதையைத் தேடும் வாசகர் விரல் நோகத் தள்ளிக்கொண்டிருப்பார். காண்டம் முதல் தலைப்பு, படலம் இரண்டாம் தலைப்பு என்று அடுக்கி, படலத்துக்கு ஓர் உள்கோப்பு வைத்தால் பொருளடக்கம் தானாகவே அமையும். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி விடுவதோடு நிறுத்தக் கூடாது. 'இது தலைப்பு' என்ற குறியீடே இடவேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கருவிக்குப் புரிவது குறியீடு மட்டுமே.

செய்யுள்தான் மின்னூலாக்குபவரின் பொறுமையைச் சோதிக்கும் இடம். மதுரைக்காஞ்சியில் 782 அடிகள். அச்சுப் பதிப்புகளில் ஐந்தடிக்கு ஒருமுறை வலப்பக்க ஓரத்தில் அடியெண் இருக்கும். தட்டச்சு செய்பவர் இடைவெளிப் பொத்தானை அழுத்தி அழுத்தி அந்த எண்ணை ஓரத்துக்குத் தள்ளியிருப்பார். கணினித் திரையில் அழகாகவே இருக்கும். செல்போனில் திறந்தால் இடைவெளிகள் ஒன்றாகச் சுருங்கி, எண் கடைசிச் சீரோடு ஒட்டிக்கொள்ளும். அல்லது அடுத்த வரிக்கு இறங்கி அனாதையாக நிற்கும். ஒலிவடிவில் கேட்பவருக்குப் பாட்டின் நடுவே 'இருபத்தைந்து' என்று ஒரு குரல். அடியெண்ணைத் தனிக் குறியீட்டுக்குள் வைத்து, ஓரத்தில் நிறுத்தும் வேலையை நடைத்தாளிடம் விடுவதே இதற்கு மருந்து.

அடி மடங்குவதும் அப்படியே. குறுகிய திரையில் விருத்தத்தின் நீண்ட அடி ஒரே வரியில் அடங்காது. மடங்கிய பகுதி அடுத்த வரியின் தொடக்கத்தில் வந்து நின்றால், புது அடி எது, பழைய அடியின் மிச்சம் எது என்று வாசகருக்குத் தெரியாது; யாப்பே குலைந்துபோகும். ஒவ்வோர் அடியும் இடக்கோட்டில் தொடங்கி, மடங்கும் சீர்கள் சற்று உள்தள்ளி நிற்கும்படி நடைத்தாளில் இரண்டு வரி எழுதினால் இது சரியாகும். உரைநடையிலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தமிழில் சொற்கள் நீளமானவை. சிறு திரையில் இரு ஓரங்களையும் சீராக்கினால் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய வெற்றிடங்கள் விழும். வலப்பக்கத்தைச் சீராக்காமல் விட்டுவிடுவது கண்ணுக்கு எவ்வளவோ நல்லது. அச்சுநூலின் தோற்றம் வேண்டுமென்று கேட்கும் பதிப்பாளரிடம் ஒரு பக்கத்தைக் கைபேசியில் திறந்து காட்டினால் ஒப்புக்கொள்வார்.

கிண்டில் தனிக் கிளை. பிரான்சின் மோபிபாக்கெட் நிறுவனத்தை 2005இல் வாங்கிய அமேசான், 2007இல் கிண்டிலைக் கொண்டுவந்தபோது அந்நிறுவனத்தின் மோபி வடிவத்தை அடியொற்றியே தன் கோப்புகளை அமைத்தது. தொடக்கத்துக் கிண்டில்களில் தமிழ் மோபிக் கோப்பைத் திறந்தால் உடைந்த எழுத்துகளே மிஞ்சும். 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் அமேசான் மின்னூல் விற்கத் தொடங்கிய பிறகே நிலைமை சீரானது. 2022இல் இன்னொரு திருப்பம்: வாசகர் தம் சொந்தக் கோப்பை அனுப்பும் வழியில் இபப் ஏற்கப்பட்டது, மோபி கைவிடப்பட்டது. ஆகவே இன்று புதிதாக மோபி செய்யவேண்டிய தேவை கிடையாது. இபப் கோப்பைக் கம்பி வழியாக நேரே கிண்டிலில் போட்டால் மட்டும் திறக்காது. அமேசானின் அனுப்பும் சேவை வழியாகச் சென்றால் அங்கே உருமாறி வந்துசேரும். கிண்டில் கடையில் வாங்கிய நூல் பெரும்பாலும் பூட்டப்பட்டது. அதைக் கிண்டில் அமைப்புக்கு வெளியே கொண்டுபோக முடியாது. நூலகங்களும் பள்ளிகளும் இதை மனத்தில் வைத்தே வாங்கவேண்டும்.

எழுத்துருவை இபப்புக்குள் பொதிவதா வேண்டாமா என்பதில் இரு கருத்துகள் உண்டு. புதிய கைபேசிகளில் நல்ல தமிழ் எழுத்துரு முன்பே இருக்கிறது. பொதிந்தால் கோப்பு பெரிதாகும் என்பது ஒரு பக்கம். மலிவான வாசிப்பான்களில் தமிழ் எழுத்துரு இல்லாமல் வெறும் கட்டங்கள் தெரியும் என்பது மறுபக்கம். பொதிந்துவிடுவதே மேல், கூடுவது சில நூறு கிலோபைட்தான். ஆனால் உரிமம் பார்க்காமல் எதையும் பொதியக் கூடாது. நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை. அவற்றைக் கவலையில்லாமல் சேர்க்கலாம். இதிலும் ஓர் எல்லை உண்டு: எழுத்தைச் சேர்க்கத் தெரியாத கருவியில் எந்த எழுத்துருவைப் பொதிந்தாலும் கொம்பு இடம் மாறித்தான் நிற்கும். அத்தகைய கருவிக்கு ஆறு அங்குலப் பிடிஎஃப் ஒன்றே வழி.

மதுரை அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் குவிந்திருக்கும் பழைய கோப்புகள் வேறொரு உலகம். கோயில் மலர், ஊர் வரலாறு, கவிதைத் தொகுப்பு, பள்ளிப் பொன்விழா மலர் என்று ஆண்டுக்கணக்கில் பேஜ்மேக்கரில் அமைத்தவை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. உள்ளே இருப்பது பாமினியிலோ வானவில்லிலோ வேறொரு நிறுவன எழுத்துருவிலோ அடித்த உரை. ஆசிரியர் கையில் பல சமயம் இருப்பது அதிலிருந்து எடுத்த பிடிஎஃப் மட்டும். அது அழகாக அச்சாகும். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ரோமன் குறிகள் வந்து விழும். மின்னூல் கேட்டு வருபவரிடம் முதலில் கேட்கவேண்டியது அந்தப் பேஜ்மேக்கர் மூலக்கோப்பைத்தான். அது கிடைத்தால் குறியேற்ற மாற்றிகள் சில நொடிகளில் யூனிகோடாக்கிவிடும். கிடைக்காவிட்டால் மறுபடியும் தட்டச்சு செய்யும் அளவுக்கு வேலை நீளும்.

மாற்றி முடித்ததும் உரை சுத்தமாகத் தோன்றும். பிழைகள் மறைந்து நிற்பது அப்போதுதான். பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பகுதியும் ளகரமும் ஒரே வடிவம். ஔ என்பதற்கு ஒ-வும் ள-வும் அடித்தால் அச்சில் வேறுபாடே தெரியாது. அந்தப் பழக்கம் யூனிகோடுக்குள் வந்ததும் ஔவையார் 'ஒளவையார்' ஆகிவிடுகிறார். கண் அதைப் பிழையென்று பிடிக்காது. தேடல் பிடிக்கும்: ஔவையார் என்று தேடுபவருக்கு அந்த நூலில் ஒன்றுமே கிடைக்காது. படித்துக் காட்டும் மென்பொருள் ஒ, ள, வை என்று தனித்தனியே உச்சரிக்கும். கௌரவம் 'கெளரவம்' ஆவதும், மௌனம் 'மெளனம்' ஆவதும் இதே கதை. அடுத்தது காலும் ரகரமும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரேமாதிரி இருப்பதால், அவசரத்தில் காலுக்குப் பதில் ர அடித்த சொற்கள் ஒவ்வொரு கோப்பிலும் கிடைக்கும். தமிழ் எண்களும் அப்படியே: ௧ இருக்கவேண்டிய இடத்தில் க, ௭ இருக்கவேண்டிய இடத்தில் எ, ௮ இருக்கவேண்டிய இடத்தில் அ. பாட்டெண்களைத் தமிழ் எண்ணில் தந்த பழைய பதிப்புகளை மின்னூலாக்கும்போது இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஓகாரமும் ஒகாரமும் ஒரே குறியாகவும் வரலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் வரலாம். தேடல் தடுமாறாமலிருக்க முழு உரையையும் ஒரே முறைக்குச் சீராக்கிவிடவேண்டும். இந்தச் சீராக்கத்தை எந்த வடிவத்துக்கும் மாற்றுவதற்கு முன்பே செய்துவிடவேண்டும். இபப் ஒன்று, பிடிஎஃப் இரண்டு என்று பிரிந்தபின் ஒரு பிழையைத் திருத்தவேண்டுமானால் மூன்று கோப்புகளைத் திறக்க நேரும். ஒன்று கட்டாயம் விடுபட்டுப்போகும்.

அரிய பழைய பதிப்புகளுக்கு அளவுகோல் வேறு. உ.வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அப்படிப்பட்ட பதிப்பில் பாட்டு, உரை, அடிக்குறிப்பு, பாடபேதம் எல்லாம் பக்கத்தில் அமைந்த முறையே ஆய்வாளருக்குச் சான்று. அதை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, நீண்டகாலக் காப்புக்கென 2005இல் வகுத்த பிடிஎஃப்/ஏ தரத்தில் வைப்பதே முறை. படிப்பதற்கான இபப் அதிலிருந்து பிறக்கவேண்டிய தனிப் படி. 2015 முதல் கூகுளின் எழுத்துணரி தமிழையும் படிக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் அதைக் கொண்டே பக்கம் பக்கமாக உரையெடுத்து மெய்ப்புப் பார்க்கிறார்கள். தெளிவான அச்சில் எழுத்துணரி நன்றாகவே வேலை செய்கிறது; புள்ளி தேய்ந்த பழந்தாளில் மெய்யையும் உயிர்மெய்யையும் குழப்பும். ஸ்கேன் படத்தையும் உரையையும் அருகருகே வைத்துத் திருத்தாத எழுத்துணரி உரையை நூலென்று வெளியிடுவது வாசகருக்குச் செய்யும் அநீதி.

பார்வையற்ற வாசகருக்கு ஸ்கேன் பிடிஎஃப் வெறும் படம். திரைவாசிப்பானுக்கு அதில் ஒரு சொல்லும் கிடையாது. தலைப்புக் குறியீடும் யூனிகோடு உரையும் உள்ள இபப்தான் அவர்களுக்குப் புத்தகம். ஒலியோடு இணைந்த டெய்சி வடிவத்துக்கும் அதிலிருந்தே எளிதாகப் போகலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றுத்திறனாளிகளுக்கான படிகளை அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகில் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். 2016இல் சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் வந்தது. சட்டம் வழிவிட்டிருக்கும்போது, படமாக மட்டும் நூல்களைக் குவிப்பது வருந்தத்தக்கது.

ஆகவே வேலையின் வரிசை இப்படி அமையும். சீராக்கிய யூனிகோடு உரை, தலைப்பு, செய்யுள், அடிக்குறிப்புக் குறியீடுகளோடு ஒரே மூலக்கோப்பாக இருக்கவேண்டும். அதிலிருந்து காலிபர், சிஜில், பாண்டாக் போன்ற கட்டற்ற மென்பொருள்களால் இபப் எடுக்கலாம். அச்சுக்கு ஏ4, பழைய வாசிப்பானுக்கு ஆறு அங்குலம். வெளியிடும் முன் மலிவான ஓர் ஆண்ட்ராய்டு போனிலும், ஒரு கிண்டிலிலும், கணினியிலும் திறந்து, கொ, கௌ, ஔ, ஸ்ரீ, க்ஷ இருக்கும் பக்கங்களையும் மிக நீண்ட செய்யுள் அடி உள்ள பக்கத்தையும் பார்த்துவிடவேண்டும். மதுரைத் திட்டக் கோப்பிலிருந்து படி எடுப்பவர், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் உள்ள முகப்புப் பகுதியை அப்படியே இபப்பின் முதல் பக்கமாக வைக்கவேண்டும். அந்தக் கோப்புகளைத் தாராளமாகப் பகிரலாம் என்ற அனுமதி அந்த நிபந்தனையோடுதான் தரப்பட்டிருக்கிறது. அதன் கீழே மூல அச்சுப்பதிப்பின் ஆண்டும், மின்படியைக் கடைசியாகத் திருத்திய நாளும் வரவேண்டும்.